பறவைகளுக்கும் ஒரு வரவு இடாப்பு

ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி அடுத்த நள்ளிரவு 12 மணிக்கு முடிக்க வேண்டும். அந்த 24 மணித்தியாலத்துக்குள், அந்த மாவட்ட எல்லைக்குள், எத்தனை இனப் பறவைகளைக் கண்ணால் காணவோ காதால் கேட்டு இனங்காணவோ முடியும்?

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பிள்ளைகள் காகம், மைனா, கிளி, கொக்கு, மீன்கொத்தி என்று தொடங்கிப் பத்துப் பதினைந்தில் நின்றுவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் நம்மில் பலரும் அதற்கு மேல் போகமாட்டோம்.

ஐக்கிய அமெரிக்காவில் இந்தக் கேள்விக்காகவே மே மாதத்தில் ஒரு முழு நாளை ஒதுக்கி வைக்கின்றவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களுக்குத் தூக்கமில்லை. சதுப்பு நிலம், காடு, வயல், கடற்கரை என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். சிலர் ஒரு மாநிலம் முழுவதையும் சுற்றுவார்கள், சிலர் ஒரே ஒரு கவுண்டிக்குள், அதாவது நமது மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவுக்குள், நின்றுகொள்வார்கள். இதற்கு 'பிக் டே' என்று பெயர். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'பெருநாள்' என்று வரும். நமக்குப் பெருநாள் என்றால் வேறு என்பதால் பிக் டே என்றே எழுதுகிறோம்.

வேலையில்லாதவர்களின் வேலை என்றுதான் முதலில் நமக்கும் தோன்றியது. இதன் வரலாற்றை வாசித்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் பறவையை இனங்காணுவதற்கு இருந்த நம்பகமான வழி துப்பாக்கி. சுட்டு வீழ்த்தி, கையில் எடுத்து, இறகை அளந்து பார்த்துத்தான் இன்ன இனம் என்று முடிவு செய்தார்கள். அருங்காட்சியக அலுமாரிகள் அப்படித்தான் நிரம்பின. விஞ்ஞானிகளைவிட அதிகமாகச் சுட்டவர்கள் இறைச்சிக்காகவும் இறகுக்காகவும் சுட்டவர்கள். அக்காலத்து நகரத்துப் பெண்களின் தொப்பியில் இறகு, சிறகு, சில வேளைகளில் முழுப் பறவையே குத்தியிருக்கும்.

1886இல் ஃபிராங்க் சாப்மன் என்ற இளைஞர் நியூயோர்க் நகரின் கடைத்தெருக்களில் இரண்டு தடவை நடந்தார். மரத்தையோ வானத்தையோ அவர் பார்க்கவில்லை. பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542இல் இறகு அலங்காரம் இருந்தது. அவற்றில் 40 இனப் பறவைகளை அவர் அடையாளம் கண்டார். ஒரு நகரத்துப் பறவைப் பட்டியல் காட்டிலிருந்து வராமல் கடைத்தெருவிலிருந்து வந்தது. அந்தப் பட்டியலை அவர் ஒரு பத்திரிகைக்குக் கடிதமாக அனுப்பினார்.

அதே சாப்மன் 1900ஆம் ஆண்டு இன்னொரு காரியம் செய்தார். கிறிஸ்மஸ் தினத்தில் இரண்டு அணியாகப் பிரிந்து, எந்த அணி அதிகமான பறவைகளையும் பிராணிகளையும் சுட்டுக் குவிக்கிறது என்று போட்டியிடும் வழக்கம் அங்கே இருந்தது. போட்டி இருக்கட்டும், துப்பாக்கி வேண்டாம், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்றார் சாப்மன். முதலாவது ஆண்டில் 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். 90 அளவிலான இனங்கள், ஏறத்தாழ 18,500 பறவைகள். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை நிற்கவில்லை.

மனிதரின் போட்டி மனப்பான்மையை அவர் அழிக்கப் பார்க்கவில்லை, அதைத் திசை திருப்பிவிட்டார். பிள்ளைகளோடு வேலை செய்கின்ற நமக்கு இதில் படிப்பினை உண்டு.

அந்த வேளையில் இன்னொரு சோகமும் நடந்துகொண்டிருந்தது. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் பல நூறு கோடியாக இருந்த 'பசெஞ்சர் பிஜன்' என்ற புறா இனம் வேட்டையாலும் காடழிப்பாலும் சரிந்துகொண்டே வந்தது. வானத்தை மறைக்கும் அளவுக்குப் பறந்த பறவையை யார் எண்ணப் போகிறார்கள்? எண்ண வேண்டும் என்ற எண்ணம் வந்தபோது எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. கடைசிப் புறா 1914 செப்டெம்பர் 1ஆம் திகதி ஓஹியோ மாநிலத்தின் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலைக் கூட்டில் இறந்தது.

அதே ஓஹியோ மாநிலத்தின் வடக்கில், ஈரி ஏரிக்கரையில் லொரேய்ன் கவுண்டி இருக்கிறது. அங்குள்ள ஓபர்லின் கல்லூரியில் லிண்ட்ஸ் ஜோன்ஸ் என்ற ஆசிரியர் பறவையியல் கற்பித்தார். அமெரிக்கக் கல்லூரிகளில் அந்தப் பாடத்தை முதன்முதலில் நடத்தியவர்களில் அவரும் ஒருவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அவரும் நண்பர் டோசனும் மே மாதத்தில் ஒரு முழு நாளை எடுத்து, விடியுமுன் தொடங்கி இருட்டும்வரை தங்கள் கவுண்டிக்குள் கண்ட இனங்களையெல்லாம் குறித்து வைத்தார்கள். ஒரே நாளில் 100ஐத் தாண்டுவதுதான் அக்காலத்தவர்களின் கனவு. சைக்கிளில் ஒரே நாளில் 100 மைல் ஓடுவதற்கு வைத்திருந்த 'செஞ்சுரி' என்ற பெயரையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள்.

ஏன் மே மாதம்? குளிர்காலத்தை மத்திய, தென் அமெரிக்காவில் கழித்த சின்னஞ்சிறு பாடும் குருவிகள் அப்போது கூட்டங்கூட்டமாக வடக்கே திரும்புகின்றன. குளிர்காலத்தில் வந்து தங்கிய வாத்துகளில் சில இன்னும் புறப்படாமல் இருக்கும். ஊரிலேயே வாழும் பறவைகளும் இருக்கும். மூன்று கூட்டமும் ஒரே இடத்தில் சந்திப்பது அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான். அத்தோடு ஆண் பறவைகள் இனப்பெருக்க கால நிறத்தோடு, விடாமல் பாடிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பறவையையும் காதால் பிடிக்கலாம்.

இந்த வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி 1920களில் நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில் நடக்கிறது. பிரொங்ஸும் ஒரு கவுண்டிதான். ஆனால் காடு மலையெல்லாம் கொண்ட கவுண்டி அல்ல. மாடிக்குடியிருப்பு, ரயில் பாதை, தொழிற்சாலை நிறைந்த நகரம். 1924இல் அங்கே சில பதின்ம வயதுப் பையன்கள் சேர்ந்து 'பிரொங்ஸ் கவுண்டி பறவைக் கழகம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பணமில்லை, வாகனமில்லை. பூங்கா, ஆற்றோரம் மட்டுமல்ல, நகரத்தின் கழிவுநீர் கடலில் விழும் இடம், ஹண்ட்ஸ் பொயின்ற் குப்பைமேடு என்று எங்கெல்லாம் பறவை வருமோ அங்கெல்லாம் போனார்கள். குப்பைமேட்டு எலிகளைத் தேடித் துருவப் பகுதியிலிருந்து வெண்ணிற ஆந்தை வந்திருப்பதைக் கண்டவர்கள் அவர்கள்தான்.

அவர்களுக்கு ஒரு முன்மாதிரி கிடைத்தார். லட்லோ கிறிஸ்கம். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். பறக்கின்ற பறவையைச் சுடாமலே, அதன் உருவம், சிறகின் கோடு, பறக்கும் விதம், குரல் ஆகியவற்றைக் கொண்டு உடனே பெயர் சொல்லிவிடுவார். 'கண்டேன்' என்று ஒரு பையன் சொன்னால் 'எப்படித் தெரியும்?' என்று குறுக்கு விசாரணை செய்வார். பதில் சரியில்லை என்றால் பட்டியலில் இடமில்லை.

அந்தக் கழகத்தில் பின்னர் வந்து சேர்ந்தவர் ரோஜர் டோரி பீற்றர்சன். சிறு நகரமொன்றிலிருந்து ஓவியம் படிக்க நியூயோர்க் வந்தவர். பின்னர் மசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பாடசாலையில் ஆசிரியராக இருந்தார். கிறிஸ்கம் கண்ணால் பார்த்துச் சொன்னதைப் பீற்றர்சன் படமாக வரைந்தார். ஒரே மாதிரியான பறவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, வேறுபடும் இடத்தில் சிறு கோடு போட்டுக் காட்டினார். பல பதிப்பகங்கள் மறுத்த அந்தக் கையேடு 1934இல் வெளிவந்தது. அச்சிட்ட 2,000 பிரதிகளும் சில நாட்களிலேயே தீர்ந்துபோயின. அதன்பிறகு சாதாரண மனிதருக்கும் பறவையை இனங்காணத் துப்பாக்கி தேவைப்படவில்லை. ஒரு பைனாகுலரும் சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு புத்தகமும் போதுமாயிற்று.

சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1984 மே மாதத்தில், 75 வயதுப் பீற்றர்சன் மீண்டும் ஒரு பிக் டேக்குப் புறப்பட்டார். நியூ ஜேர்சி மாநிலத்தில் பீற் டன் என்பவர் 'வேர்ல்ட் சீரிஸ் ஒஃப் பேர்டிங்' என்ற போட்டியை அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தார். காணும் ஒவ்வோர் இனத்துக்கும் இவ்வளவு பணம் என்று ஆதரவாளர்கள் வாக்களிப்பார்கள், அந்தப் பணம் பறவைப் பாதுகாப்புக்குப் போகும். பீற்றர்சன் இருந்த அணி 201 இனங்களைப் பதிவு செய்து முதலிடம் பெற்றது. அந்த அணியின் இளையவர் 22 வயது டேவிட் சிப்லி. 2000ஆம் ஆண்டில் அவரும் ஒரு புகழ்பெற்ற கையேட்டை வெளியிட்டார்.

மாநிலம் முழுவதும் ஓட முடியாதவர்களுக்கு அந்தப் போட்டியில் ஒரு தனிப் பிரிவு உண்டு. கேப் மே என்ற ஒரே கவுண்டிக்குள் நின்று எண்ண வேண்டும். நியூ ஜேர்சியின் தென்கோடியில், ஒரு பக்கம் அத்திலாந்திக் சமுத்திரமும் மறுபக்கம் டெலவெயர் விரிகுடாவும் இருக்க, நடுவே நீண்டு கிடக்கும் நிலம் அது. நமது கொழும்பு மாவட்டத்தைவிடச் சற்றுச் சிறியது.

அங்கே அந்த நாள் எப்படிப் போகும்? நள்ளிரவில் உப்புச் சதுப்பின் ஓரத்தில் வாகனத்தை நிறுத்தி, விளக்கை அணைத்து, மூச்சுவிடாமல் நிற்பார்கள். நாணலுக்குள்ளிருந்து கானாங்கோழிகள் குரல் கொடுக்கும். காட்டோரத்தில் ஆந்தையும் பக்கியும் கூவும். இரவில் வானத்தில் கடந்துபோகும் பறவைகளின் சிறு ஒலியைக்கூட விடமாட்டார்கள். விடியும் நேரத்தில் பெல்பிளெய்ன் காட்டுக்குள் இருக்க வேண்டும். காலைப் பாட்டு அடங்குமுன் காட்டுப் பறவைகளை முடித்துவிட வேண்டும். வெயில் ஏறியதும் பருந்து, கழுகு. அதன்பின் வற்றுப்பெருக்கின் நேரம் பார்த்துக் கடற்கரை. நீர் வற்றிய சேற்றில் உள்ளான்கள், மணல்திட்டில் ஆலாக்கள். மாலையில் விடுபட்டவற்றைத் தேடி ஓட்டம். இரவில் மீண்டும் சதுப்பு.

பரீட்சை மண்டபத்தைப் போல இங்கே மேற்பார்வையாளர் யாரும் நிற்பதில்லை. 'கண்டேன்' என்ற சொல்தான் சாட்சி. அமெரிக்கப் பறவை அவதானிப்பாளர் சங்கத்தின் பிக் டே விதிப்படி, பட்டியலில் உள்ள இனங்களில் குறைந்தது 95 சதவீதத்தை அணியின் எல்லா உறுப்பினர்களும் கண்டோ கேட்டோ இருக்க வேண்டும். பொய் சொல்ல இவ்வளவு வசதியிருக்கும் விளையாட்டில் பொய் சொன்னவரின் பெயர் ஒருமுறை கெட்டால் கெட்டதுதான்.

இனி இந்த விளையாட்டின் பெரிய குறையையும் சொல்ல வேண்டும். பிக் டே இனங்களை எண்ணுகிறது, பறவைகளை எண்ணுவதில்லை. ஒரு கரையில் 10,000 பறவை நின்றாலும் பட்டியலில் ஒரு கோடுதான். அடுத்த ஆண்டு ஒன்றே ஒன்று நின்றாலும் அதே ஒரு கோடுதான்.

இதற்குச் சாட்சி கேப் மே கரையிலேயே இருக்கிறது. 'ரெட் நாட்' என்ற செந்நிற மார்புடைய உள்ளான் வகை ஒன்று தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து கனடாவின் துருவப் பகுதிவரை ஏறத்தாழ 15,000 கிலோமீற்றர் பறக்கிறது. வழியில் மே மாதத்தில் டெலவெயர் விரிகுடாக் கரையில் இறங்கி, குதிரைலாட நண்டுகள் மணலில் இடும் முட்டைகளைத் தின்று, இரண்டு வாரமளவில் தன் எடையை இரு மடங்காக்கிக்கொண்டு மீண்டும் புறப்படுகிறது. 1980களில் வானூர்தியிலிருந்து எடுத்த கணக்கில் அங்கே ஒரே வேளையில் 90,000க்கும் மேற்பட்டவை இருந்தன. 1990களில் மீன்பிடி இரைக்காக அந்த நண்டுகளை இலட்சக்கணக்கில் அள்ளினார்கள். 2000களின் நடுப்பகுதியில் பறவைகளின் எண்ணிக்கை 15,000 அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த ஆண்டுகளிலெல்லாம் பிக் டே பட்டியலில் ரெட் நாட் 'வரவு' என்றுதான் பதிவானது! பிக் டே பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றும் குறையவில்லை என்றே நினைத்திருப்பார்கள். தலை எண்ணியவர்கள் இருந்ததால்தான் 2008இல் நியூ ஜேர்சி நண்டு பிடிப்பதைத் தடை செய்தது. 2014இல் அந்தப் பறவையும் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது.

அப்படியானால் ஆர்வலர்களின் குறிப்பேடுகளால் பயனே இல்லையா? இதற்கு விடை சொல்ல மீண்டும் பிரொங்ஸ் பையன்களிடம் போக வேண்டும்.

அவர்களில் ஒருவர் ஜோசப் ஹிக்கி. வளர்ந்தபின் பேராசிரியரானார். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பெரிகிரின் வல்லூறு எந்தெந்தப் பாறை முகப்புகளில் கூடு வைக்கிறது என்ற விபரங்களை, அங்கங்கே இருந்த அவதானிப்பாளர்களிடம் கேட்டுத் திரட்டி 1942இல் வெளியிட்டார். அன்றைக்கு அது ஒரு பட்டியல், அவ்வளவுதான். 1960களில் வல்லூறு குறைந்துவிட்டது என்ற பேச்சு எழுந்தது. பேச்சை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஹிக்கியின் கையில் பழைய பட்டியல் இருந்தது. 1964இல் முன்பு கூடிருந்த 133 இடங்களுக்கு ஆட்களை அனுப்பித் தேடச் செய்தார். 133 இடங்களில் ஒன்றில்கூட ஒரு வல்லூறும் இல்லை.

அடுத்த ஆண்டு ஹிக்கி பல நாட்டு ஆய்வாளர்களைக் கூட்டினார். டி.டி.டி. என்ற பூச்சிகொல்லி உணவுச் சங்கிலி வழியாக வல்லூறின் உடலில் சேர்ந்து, முட்டை ஓட்டை மெலிதாக்கி, அடைகாக்கும் தாயின் எடையைக்கூடத் தாங்காமல் முட்டை உடையச் செய்கிறது என்பது தொடர்ந்து வந்த ஆய்வுகளில் உறுதியானது. 1972இல் அமெரிக்கா அதன் விவசாயப் பாவனையைத் தடை செய்தது. கூண்டில் வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டார்கள். 1999இல் அந்த வல்லூறு அமெரிக்காவின் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நமது சீகிரியாக் குன்றின் பாறை முகப்பில் வாழும் ஷாஹீன் வல்லூறும் இதே இனத்தின் ஒரு கிளைதான்.

புறாவுக்கு இப்படியொரு பட்டியல் இருக்கவில்லை. வல்லூறுக்கு இருந்தது.

நமது நாட்டிலும் எண்ணியவர்கள் இருந்தார்கள். பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி வின்சன்ட் லெக் இலங்கைப் பறவைகளைப் பற்றிய பெரும் நூலை 1880இல் முடித்தார். ஜி. எம். ஹென்றியின் கையேடு 1955இல் வந்தது. இலங்கைப் பறவைக் கழகம் 1943இலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட கள பறவையியல் குழு 1976இலும் தொடங்கின. 2015 முதல் உலகம் முழுவதும் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை 'குளோபல் பிக் டே' நடக்கிறது. இலங்கையிலிருந்தும் அன்று பட்டியல்கள் போகின்றன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வடக்கு நாட்டவர்களின் வசந்தம் நமக்கு விருந்தாளிகள் போய்விட்ட காலம். மன்னாரிலும் பூந்தலையிலும் குளிர்காலம் கழித்த ஊசிவால் வாத்துகள் மே மாதத்தில் இல்லை. ஒக்டோபரில் வந்து காலையும் மாலையும் தோட்டத்தில் குரல் கொடுத்த ஆறுமணிக்குருவி இந்தியாவுக்குத் திரும்பியிருக்கும். மேயில் மட்டும் எண்ணினால் நமது நாட்டின் பாதிக் கதைதான் தெரியும். வருகின்ற காலத்தில் ஒரு நாள், போன பிறகு ஒரு நாள் என்று நமது பருவத்துக்கு ஏற்றபடி நாமே எண்ண வேண்டும்.

நகரங்களில் சிட்டுக்குருவி குறைந்துவிட்டது என்று எல்லோரும் கவலைப்படுகிறோம். சுவரில் முட்டி கட்டி வைக்கிறோம், நல்ல காரியம். ஆனால் பத்து வருடத்துக்கு முன் உங்கள் பாடசாலை வளவில் எத்தனை இருந்தன என்று கேட்டால் எத்தனை பாடசாலைகளிடம் பதில் இருக்கும்? மழை வெள்ளமும் அதிதிகள் வந்த நாளும் லொக் புத்தகத்தில் இருக்கும். குருவி இருக்காது.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு அப்பியாசக் கொப்பி போதும். திகதி, நேரம், இடம், பறவையின் பெயர், எத்தனை, கண்ட பிள்ளையின் பெயர். பெயர் தெரியாத பறவைக்குப் படம் வரையட்டும். ரெட் நாட் கற்றுத்தந்த பாடத்தை மறக்காமல் 'எத்தனை' என்ற நிரலை மட்டும் விடாதீர்கள். தவணைக்கு ஒரு நாள், ஒரே வளவில், ஒரே நேரத்தில். ஐந்து வருடம் தொடர்ந்தால் அந்தக் கொப்பி ஒரு ஆவணம். கிறிஸ்கம் கேட்டதுபோல 'எப்படித் தெரியும்?' என்று நாமும் கேட்போம். காணாததைக் கண்டேன் என்று எழுதாத பழக்கம் பறவைப் பாடத்தைத் தாண்டியும் பிள்ளைக்கு உதவும்.

நபி சுலைமான் (அலை) அவர்கள் பறவைகளைப் பார்வையிட்ட சம்பவம் நமது பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஹுத்ஹுத் கொண்டுவந்த செய்தியைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். இம்முறை பாடம் நடத்தும்போது அதற்கு முந்தைய கணத்தில் சற்று நிற்போம் என்று நினைத்திருக்கிறோம். அவ்வளவு பெரிய படைக்கு நடுவில், ஒரு சிறு பறவை அதன் இடத்தில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. பார்வையிட்டதால் தெரிந்தது.

அந்த ஹுத்ஹுத் இனம், கொண்டலாத்தி, நமது உலர்வலயத்தில் இன்றும் இருக்கிறது. உங்கள் ஊரில் கடைசியாக எப்போது கண்டீர்கள்?